மீனாட்சியம்மாளை மறந்தவர்கள் யார்?

தமிழ்ப் பத்திரிகை வரலாறு எழுதுவோர் கேலிச்சித்திரத்துக்கு ஓர் இடம் ஒதுக்கத் தவறுவதில்லை. 1906இல் தொடங்கிய 'இந்தியா' இதழில் பாரதியார் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டதைச் சொல்வார்கள். ஆனந்த விகடனில் மாலியின் கோடுகள் பேசியதைச் சொல்வார்கள். ஈழத்தில் சிவஞானசுந்தரம் 'சிரித்திரன்' நடத்தியதைச் சொல்வார்கள். மலையகம் என்று வந்தவுடன் பேனா நின்றுவிடும். அங்கே வரைந்தவர் யாருமில்லையே என்பார்கள். வரைந்தவரைத் தேடுவதில்தான் பிழை இருக்கிறது. அங்கே அந்த வேலையைச் செய்தது தூரிகை அன்று, பாட்டு.

கேலிச்சித்திரத்தின் வேலை என்ன? தலையங்கம் போய்ச் சேராத இடத்துக்குச் செய்தியைக் கொண்டு போவது. எழுத்தறியாதவருக்கும் அதிகாரத்தின் முகத்தைக் காட்டிவிடுவது. 1920களிலும் 1930களிலும் அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் வாசிக்கத் தெரிந்தவர் சிலரே. வெளியார் ஒருவர் லயத்துப் பக்கம் கால்வைத்தால் அத்துமீறல் குற்றம். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத்தான் தோட்டங்களுக்குள் புக வேண்டியிருந்தது. துரையும் கங்காணியும் காவல் நின்ற அந்த மண்ணில் வெறும் அச்சுத்தாள் எத்தனை தூரம் நடக்கும்? அதற்கொரு குரல் வேண்டியிருந்தது. அந்தக் குரல் மீனாட்சியம்மாளுடையது.

நடேசய்யர் 1921இல் 'தேசநேசன்' நாளிதழையும் 1924இல் 'தேசபக்தன்' இதழையும் தொடங்கினார். 'தேசபக்தன்' பணியில் மீனாட்சியம்மாளுக்கும் பங்குண்டு. பெண்களின் உரிமை பற்றி அதில் எழுதியவர் அவர். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அட்டனில் உருவான பின்னர், தொழிலாளர் கூட்டங்களில் பாரதியார் பாடல்களைப் பாடினார். தாமே எழுதியவற்றையும் பாடினார். 1939இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்க முற்பட்டது. மறு ஆண்டு, 1940இல், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் பிரசுரத்தை அவர் வெளியிட்டார். அந்தத் தலைப்பே ஒரு செய்தியறிக்கையின் தலைப்பு. ஏட்டைப் படிக்க இயலாதவர் பாட்டை மனத்தில் ஏந்தி லயத்துக்குக் கொண்டு போகலாம். எந்தக் காவற்காரன் அதைச் சோதனையிட்டுப் பறிப்பான்?

இவரை நாம் எப்படி அறிமுகம் செய்கிறோம்? "நடேசய்யரின் துணைவியார், கூட்டங்களில் பாடுவார்." பேச்சு தொடங்குமுன் இசைக்கும் கடவுள் வாழ்த்தைப் போல! பாட்டு அங்கே கூட்டத்துக்கு அலங்காரம் அன்று, கூட்டத்தின் பத்திரிகையே அதுதான். பேசியவரைத் தலைவர் என்றும் பாடியவரைத் துணைவியார் என்றும் பிரித்த கணக்கு நாம் போட்டது.

"பிரசாரப் பாட்டுத்தானே, இலக்கியத் தரம் எங்கே?" என்று கேட்பவர்களும் உண்டு. கேலிச்சித்திரத்தைப் பார்த்து ரவிவர்மாவின் ஓவியம் போல இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. குறி தைத்ததா என்றுதான் கேட்கிறோம். வரைந்தவர்களுக்கு ஓர் அளவுகோல், பாடிய பெண்ணுக்கு வேறோர் அளவுகோலா?

காலம் அவரை மறக்கடித்துவிட்டது என்று சொல்வதும் தப்பித்தலே. 1947 நவம்பரில் நடேசய்யர் மறைந்தார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோனது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறிய குடும்பம், தாத்தா வாங்கிய பாட்டுப் புத்தகத்தையா முதலில் எடுத்து வைத்திருக்கும்? ஒரு மக்களைச் சிதறடிக்கும் சட்டம் அவர்களுடைய நூலகத்தையும் சிதறடிக்கிறது. மறதிக்கு இங்கே சட்ட இலக்கமும் ஆண்டும் உண்டு.

ஆனால் முழுப் பழியையும் கொழும்பு அரசின் தலையில் இறக்கிவிட்டு நாம் கைகழுவ முடியாது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் ஆராய்ச்சி செய்தவர்களுக்கு எந்தச் சட்டம் தடைபோட்டது? இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றை 1972இல் நூலாக்கிய குமாரி ஜயவர்தன நடேசய்யரைக் கண்டார். 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' நூலின் மூலம் அவரை மீட்டுத் தந்தவர் மலையகத்தின் சாரல்நாடன். மலையகத்தவர் தம் முன்னோரைத் தாமே தோண்டி எடுத்தனர். மற்றவர்கள் பின்னர் வந்து மேற்கோள் காட்டினோம்.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து, மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தார்கள். உலகெங்கும் நாமும் கட்டுரை எழுதினோம், கைதட்டினோம். செய்ய வேண்டியது அதனினும் சிறியது, ஆனால் கடினமானது. மீனாட்சியம்மாளின் பாடல்கள் அனைத்தும் மெட்டுக் குறிப்புகளோடு ஒரே தொகுப்பாக எல்லோர் கைக்கும் எட்டும்படி வர வேண்டும். 'தேசபக்தன்' இதழ்களைக் கொழும்பின் சுவடிக்கூடத்தோடு நின்றுவிடாமல், கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறிய குடும்பங்களின் பெட்டிகளிலும் தேட வேண்டும். கூட்டங்களில் ஒலித்த மெட்டுகளைத் தம் தாய் பாடக் கேட்டு நினைவில் வைத்திருக்கும் முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவர்களுக்குப் பின் கேட்டறிய ஆளில்லை.