நான் வாங்கிய பல்பும், மைக்கில் மாட்டிய பல்பும்!

காலேஜ் வாழ்க்கையில பல்பு வாங்காதவங்க யாராச்சும் இருக்கீங்களா? இருக்கேன்னு கை தூக்காதீங்க, நம்ப மாட்டேன். வைவாவில் வாங்கலாம், கேன்டீனில் வாங்கலாம், பஸ் ஸ்டாப்பில் பத்து பேர் முன்னாடி வாங்கலாம். நான் வாங்கினது எங்க அப்பத்தாகிட்ட! அதுவும் காரியாபட்டியில், வேப்பமரத்தடியில், ட்ரைபாட் எல்லாம் போட்டு, பந்தாவா!

மேட்டர் இதுதான். கல்ச்சுரல்ஸில் டாக்குமென்டரி போட்டி. 'நம்ம ஊர் பெரிசுகளின் கதை'ன்னு ஒரு ஐடியா. சீனியர்கிட்ட கெஞ்சிக் கேமரா வாங்கியாச்சு. அதன் தலையில் மாட்டுகிற நீள மைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பிராண்டு வேண்டாமே... தப்பு என் மேலதான். 9 வோல்ட் பேட்டரியில் ஓடுற டைப். பக்கவாட்டில் குட்டியூண்டு ஸ்விட்ச். ஆனா, ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு காட்ட ஒரு விளக்கு கிடையாது.

அப்பத்தா அன்னிக்கு நல்ல மூடு. வெத்தலையைக் குதப்பிக்கிட்டே ஆரம்பிச்சது. கமலை கட்டித் தண்ணி இறைச்சது, மானம் பார்த்த பூமியில் மழைக்காகக் காத்துக் கிடந்தது, கண்மாய் வத்தினப்ப ஊத்துத் தோண்டினது... அப்புறம் திடீர்னு காதைத் தொட்டுக் காட்டிச்சு. வளர்த்த காது, வெறுங்காது. தண்டட்டியை எப்போ வித்தது, எதுக்கு வித்ததுன்னு எங்க வீட்டுல யாருக்குமே சொன்னதில்ல. எங்க அப்பாவை பாலிடெக்னிக்கில் சேர்க்கத்தானாம். சொல்லும்போதே அழுதுடுச்சு. நானும் அழுதேன். 42 நிமிஷம்!

ராத்திரி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தா, அப்பத்தா வாய் அசையுது. கண்ணு கலங்குது. சத்தம்? ஜீரோ. மைக்கை நான் ஆன் பண்ணவே இல்ல.

'கேமராவுக்குள்ள ஒரு மைக் இருக்குமே, அதுலயாவது விழுந்திருக்காதா?'ன்னு கேட்பீங்க. அங்கதான் ட்விஸ்ட். பெரும்பாலான கேமராக்களில் வெளி மைக்கோட பின்னைச் செருகின நிமிஷமே உள் மைக் கழண்டுக்கும். வெளி மைக்குக்கு உயிர் இல்லன்னா மொத்தமும் ஊமைப் படம்தான்.

மறுநாள் போய், "அப்பத்தா, இன்னொரு தடவை சொல்லேன்"னு இளிச்சேன்.

"அதான் நேத்தே சொன்னேனே தாயி. அழுத அழுகையைத் திருப்பி அழச் சொல்றியா?" ன்னு கேட்டுட்டு, வெத்தலைப் பெட்டியை எடுத்துக்கிட்டு உள்ள போயிடுச்சு. இதுக்கு என்ன பதில் சொல்றது? மூணாவது வருஷம் ஈ.சி.ஈ. படிச்சு என்ன பிரயோஜனம்!

எங்க ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட புலம்பினேன். "எனக்கும் ஆகியிருக்கு பாப்பா. கெட்டிமேளத்தை ரெண்டாவது தடவை கொட்டச் சொல்ல முடியுமா? அதுல இருந்து ஷாட்டுக்கு முன்னாடி விரலால ஸ்விட்சைத் தடவிப் பார்த்துட்டுத்தான் மத்த வேலை" என்றார். ஆனா, அன்னிக்கு நானும்தான் தடவிப் பார்த்தேன்... ஆன்னு நினைச்ச பக்கம் ஆஃப்!

யோசிச்சா, விளக்கு வைக்காத மெஷின் ஊரில் ரொம்பக் கம்மி. இஸ்திரிப் பெட்டியில் விளக்கு. ஸ்விட்ச் போர்டில் விளக்கு. ஓட்டு மெஷினில்கூட, நீலப் பட்டனை அமுக்கினா பக்கத்திலேயே சிவப்பு விளக்கு எரிஞ்சு 'பீப்' அடிக்கும். 'நீ செஞ்சது எனக்குக் கேட்டுச்சு'ன்னு மெஷின் நமக்குச் சொல்ற பதில் அது. என் மைக் மட்டும் பதிலே சொல்லாத உம்மணாமூஞ்சி. சரி, நாமளே பேச வெச்சிடுவோம்னு சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணிட்டேன்.

வேணும்ங்கிறது ரொம்பக் கொஞ்சம். 3 மில்லிமீட்டர் சிவப்பு எல்.இ.டி. ஒண்ணு, ரெசிஸ்டர் ஒண்ணு, ரெண்டு துண்டு மெல்லிய ஒயர், ஸ்லீவ். காரியாபட்டியில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர் பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். பொருளைவிட டிக்கெட்டுக்குத்தான் காசு ஜாஸ்தி!

முதல் பாடம்: விளக்கை எங்கே சேர்க்கணும்? பேட்டரிக்கு நேராகச் சேர்த்தா, மைக் ஆஃப்ல இருந்தாலும் எரியும். பொய் சொல்ற விளக்கு, விளக்கே இல்லாததைவிட மோசம். அதனால ஸ்விட்சைத் தாண்டின முனையைக் கண்டுபிடிக்கணும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வெச்சு, கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் தொட்டுக்கிட்டு, ஸ்விட்ச் கால்களை ஒவ்வொண்ணா பாருங்க. ஆன் பண்ணா 9, ஆஃப் பண்ணா 0 காட்டுற கால்தான் நம்ம ஆளு. அங்கிருந்து ரெசிஸ்டர், அடுத்து எல்.இ.டி.யோட நீளக் கால், குட்டைக் காலில் இருந்து மைனஸ். அவ்வளவுதான் சர்க்யூட். பற்ற வைக்கும்போது பேட்டரியைக் கழட்டிடுங்க.

ரெண்டாவது பாடத்தில் மறுபடி பல்பு வாங்கினேன். லேப் பழக்கத்தில் 330 ஓம் ரெசிஸ்டரைப் போட்டேன். கண்ணு கூசுற வெளிச்சம். பந்தாவா இருந்துச்சு. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 9 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கும். மிச்சம் 7. அதை 330-ஆல் வகுத்தா 21 மில்லி ஆம்பியர். சாதாரண 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியோட கொள்ளளவே சுமார் 500 மில்லி ஆம்பியர் ஹவர். ஆக, விளக்கு ஒண்ணே ஒரே நாளில் பேட்டரியைக் குடிச்சிடும். காவலுக்கு வெச்ச நாய் வீட்டுச் சோத்தையெல்லாம் தின்ன கதை!

உடனே 6.8 கிலோ ஓமுக்கு மாத்தினேன். நீலம், சாம்பல், சிவப்புப் பட்டை. இப்போ ஓடுறது 1 மில்லி ஆம்பியர்தான். இந்தக் கால எல்.இ.டி.க்கு அதுவே தாராளம், நிழலில் பளிச்சுன்னு தெரியுது.

துளையை மைக்கோட பின்பக்கம், கேமரா பிடிக்கிறவர் கண்ணுக்குத் தெரியுற மாதிரி போடுங்க. முன்னாடி போட்டா, பேசறவர் கவனமெல்லாம் விளக்கு மேலதான் இருக்கும். குழாயில் வரிசையா இருக்கிற கீறல்களை மட்டும் பசை போட்டு அடைச்சிடாதீங்க. பக்கத்துச் சத்தத்தைக் குறைக்கிறதே அந்தக் கீறல்கள்தான்.

இன்னும் கொஞ்சம் கெத்து காட்டணுமா? ரெசிஸ்டரை 2.2 கிலோ ஓம் ஆக்கி, கூடவே 5.1 வோல்ட் ஜீனர் டயோடு ஒண்ணை, பட்டை போட்ட முனை பிளஸ் பக்கம் பார்க்கிற மாதிரி வரிசையில் சேருங்க. பேட்டரி சுமார் 7 வோல்ட்டுக்கு இறங்கும்போது விளக்கு மங்கிடும். 'பேட்டரி மாத்து'ன்னு அர்த்தம்.

எல்லா மைக்குக்கும் இது சரிப்படாது மக்களே. ஒற்றை 1.5 வோல்ட் செல்லில் சிவப்பு எல்.இ.டி. எரியாது. பேட்டரியே இல்லாம கேமராகிட்ட இருந்து துளியூண்டு கரன்ட் வாங்குற மைக்கில் விளக்கைச் சேர்த்தா, சத்தமே செத்துடும். வாரன்ட்டி இருக்கிற மைக், அடுத்தவங்க மைக்... தொடாதீங்க!

ஒரு சுவாரஸ்யம் தெரியுமா? இந்த மாதிரி மைக்குகளில் இருக்கிற எலக்ட்ரெட் டெக்னாலஜியை அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கினது 1962-ல். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை ஜெனரல் எலக்ட்ரிக்கில் நிக் ஹோலன்யாக் எரிய வெச்சதும் அதே 1962-ல். ஒரே வருஷத்துப் பிள்ளைங்க ரெண்டு பேரை 60 வருஷம் கழிச்சு எங்க வீட்டுத் திண்ணையில் சேர்த்து வெச்சிருக்கேன்!

ஆனா, ஒண்ணு. விளக்கு எரிஞ்சா பேட்டரி ஆன்ல இருக்குன்னுதான் அர்த்தம், சத்தம் பதிவாகுதுன்னு அர்த்தம் இல்ல. பின் சரியா செருகாம இருந்தாலும், ஒயர் உள்ளே அறுந்திருந்தாலும் விளக்கு அழகா எரியும். அதனால ஹெட்போன் மாட்டுங்க, பத்து செகண்ட் எடுத்துப் போட்டுக் கேளுங்க, அப்புறம் ஷூட்டிங்கை ஆரம்பிங்க.

போட்டி? தேதி முடிஞ்சு போச்சு. ஆனா, மனசு கேட்கல. கரிசல் காட்டுச் சொல்லையெல்லாம் சேர்த்து அகராதியே போட்டார் கி.ரா. நம்ம வீட்டுக் கிழவி பேச்சையாவது நாம சேர்க்க வேண்டாமா?

ரெண்டு வாரம் விட்டு, மைக்கை அப்பத்தா கையிலேயே கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. ஸ்விட்சைத் தள்ளச் சொன்னேன். சிவப்பா எரிஞ்சதும் பொக்கை வாய்ச் சிரிப்பு. "இதுக்கா தாயி மருதைக்குப் போன?"

கமலைக் கதை வந்துச்சு. ஊத்துத் தோண்டின கதை வந்துச்சு. தண்டட்டிக் கதை மட்டும் வரவே இல்ல. நானும் கேட்கல. அந்த 42 நிமிஷ ஊமைப் படத்தை அழிக்காம வெச்சிருக்கேன். அதோட சத்தம் இப்போ என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அதை ஒரு நோட்டில் எழுத ஆரம்பிச்சிருக்கேன்.

இப்பல்லாம் நான் கேமராவைத் தூக்கினாலே, கட்டிலில் இருந்து முதல் குரல் அப்பத்தாவுடையதுதான்: "லைட்டு எரியுதா தாயி?"

எரியுது அப்பத்தா!

இந்த சனி, ஞாயிறு ஊருக்குப் போறீங்களா மக்களே? உங்க வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க. போன் ரெக்கார்டர்கூடப் போதும். பட்டனை அமுக்கினோமான்னு மட்டும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துக்குங்க!