டீம் கெமிஸ்ட்ரி என்னும் சாக்கு

ஒரு அணி ஜெயித்த மறுநாள் செய்திகளைப் பாருங்கள். ஒற்றுமை, டீம் ஸ்பிரிட், கெமிஸ்ட்ரி என்று புகழ்ந்து தள்ளியிருப்பார்கள். அதே அணி தோற்ற மறுநாள் பாருங்கள். டிரெஸ்ஸிங் ரூமில் ஏதோ சரியில்லை என்பார்கள். அதே பதினொரு பேர், அதே கேப்டன், அதே கோச். ஸ்கோர்போர்டைப் பார்த்த பிறகுதான் கெமிஸ்ட்ரி இருந்ததா இல்லையா என்று தெரியும் என்றால், அது காரணம் இல்லை. கதை.

நம் வீடுகளில் அதிகம் ஓடும் கதையையே எடுத்துக்கொள்வோம். சென்னை சூப்பர் கிங்ஸ். "மற்றவை டீம், இது குடும்பம்" என்று கேட்டே வளர்ந்திருப்பீர்கள். கோச் நம்ம ஊர்க்காரர், ஸ்டீஃபன் ஃப்ளெமிங். அப்போது கேப்டன் தோனி. 2020 ஐபிஎல்லில் இந்தக் குடும்பம் ஏழாவது இடம். 2021இல் சாம்பியன். ஒரே வருடத்தில் பாசம் கூடிவிட்டதா? ருதுராஜ் கெய்க்வாட் 635 ரன், டு பிளெஸ்ஸி 633 ரன் அடித்தார்கள். அதுதான் கூடியது.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 2020 சீசன் நடுவில், இளம் வீரர்களிடம் ஒரு 'ஸ்பார்க்' தெரியவில்லை என்று தோனி சொன்னார். அப்போது கெய்க்வாட் விளையாடியிருந்ததே ஒன்றிரண்டு மேட்ச். கடைசியில், பிளே ஆஃப் வாய்ப்பு கைநழுவிக்கொண்டிருந்தபோது, தொடர்ந்து இடம் கொடுத்தார்கள். வரிசையாக மூன்று அரைசதம். அடுத்த வருடம் ஆரஞ்ச் கேப். தோனி ரசிகர்கள் கோபப்பட வேண்டாம், நானும் மஞ்சள் சட்டைதான். ஆனால் உலகத்திலேயே ஆட்டத்தை நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரின் கண்ணுக்கே 'ஸ்பார்க்' சரியாகத் தெரியவில்லை என்றால், உங்கள் ஸ்கூல் கோச்சின் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

பேஸ்பாலில் இந்த விவாதம் இன்னும் பழசு. 1970களில் ஓக்லண்ட் ஏ'ஸ் என்று ஓர் அணி (நம் ஆக்லாந்து இல்லை, கலிஃபோர்னியாவில் இருப்பது). டிரெஸ்ஸிங் ரூமிலேயே அடித்துக்கொள்வார்கள், முதலாளியை யாருக்கும் பிடிக்காது. 1972, 73, 74 மூன்று வருடமும் உலகத் தொடர் அவர்களுக்குத்தான்.

இப்போது நம் பிளாக் கேப்ஸ். 2021 ஜூனில் சவுத்தாம்ப்டனில் இந்தியாவைத் தோற்கடித்து முதல் உலக டெஸ்ட் சாம்பியன் ஆனார்கள். 'நல்ல மனிதர்கள் ஜெயித்தார்கள்' என்று உலகமே கொண்டாடியது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் மழையும் மேகமுமான அந்த வாரத்தில் ஸ்பின்னரே இல்லாமல் ஐந்து வேகப்பந்து வீச்சாளர்களோடு இறங்கினார்கள். ஜேமிசன் ஏழு விக்கெட் எடுத்தார், இரண்டு இன்னிங்ஸிலும் கோலி உட்பட. 2019 லார்ட்ஸ் ஃபைனலில் இதே நல்ல மனிதர்கள்தான் பவுண்டரி எண்ணிக்கையில் கோப்பையை இழந்தார்கள், 26க்கு 17. அன்றைக்கு கெமிஸ்ட்ரி குறைந்துவிட்டதா? ஸ்டோக்ஸ் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடிய பந்துக்குப் பெயர் அதிர்ஷ்டம்.

சவுத்தாம்ப்டனில் வெற்றி பவுண்டரியை அடித்தவர் ராஸ் டெய்லர். அம்மா வழியில் சமோவா வம்சம். அடுத்த வருடம் வெளிவந்த சுயசரிதையில், நியூசிலாந்து கிரிக்கெட் பெரும்பாலும் வெள்ளையர் விளையாட்டாகவே இருப்பதையும், டிரெஸ்ஸிங் ரூமில் கிண்டல் என்ற பெயரில் நடக்கும் இனப்பேச்சையும் அவரே எழுதினார். உலகமே மெச்சிய கெமிஸ்ட்ரி. அதற்கான விலையை அந்த அறையில் இருந்த ஒருவர் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஹில்ஸ்பரோவில் சனிக்கிழமை காலை கிட் பேகைத் தூக்கிக்கொண்டு போகும் உங்களில் யாரோ ஒருவர் இந்த வாக்கியத்தைக் கேட்கத்தான் போகிறீர்கள்: "நல்லா ஆடறே, ஆனா டீமோட செட் ஆகலே." நான் பதினைந்து வயதில் கேட்டேன். இருபத்தெட்டு வயதில், ஒரு ஐடி கம்பெனி இன்டர்வியூவில், 'கல்ச்சர் ஃபிட்' என்று பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. மேட்ச் முடிந்து பீர் குடிக்காதது, அவர்கள் ஜோக்குக்குச் சிரிக்காதது, பெயர் நீளமாக இருப்பது, இதெல்லாம் ரன் கணக்கில் வராது. அளக்க முடியாத குணம் என்ற பையில் மட்டும் தாராளமாக இடம் கிடைக்கும்.

அப்படியானால் அணி என்பதே பொய்யா? இல்லை. கெமிஸ்ட்ரி நிஜமாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. 2018 ஃபைனல், வான்கடே. ஷேன் வாட்சன் முதல் 10 பந்துகளில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 179 துரத்தும்போது பத்து பந்து வீண் என்றால் எந்த பேட்ஸ்மேனுக்கும் கை நடுங்கும். அடுத்த மேட்சில் இடம் போய்விடும் என்ற பயம் இருந்தால் பதினோராவது பந்தில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி அவுட் ஆகியிருப்பார். அவருக்கு அந்தப் பயம் இல்லை. 57 பந்தில் 117, நாட் அவுட். திறமை அவருடையது. அது வெளியே வர நேரம் கொடுத்தது அணி.

கெமிஸ்ட்ரிக்கு நான் ஒத்துக்கொள்ளும் அர்த்தம் இவ்வளவுதான்: தோற்கும்போதும் உனக்கு இடம் உண்டு என்ற உறுதி. அது காற்றில் மிதக்கும் மாயம் இல்லை, தேர்வு செய்பவர்கள் எடுக்கும் முடிவு. எத்தனை பேருக்கு எத்தனை மேட்ச் கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். வாட்சனுக்குக் கிடைத்த பொறுமை 2020இல் கெய்க்வாட்டுக்கு முதலிலேயே கிடைத்ததா என்றும் கேட்கலாம்.

ஆகவே 'செட் ஆகலே' என்று யாராவது சொன்னால், மரியாதையாக, நேராகக் கேளுங்கள். எந்த ஷாட்? எந்த ஓவர்? எந்த பிராக்டிஸுக்கு நான் வரவில்லை? பதில் இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு லாபம். பதில் இல்லையென்றால், குறை உங்கள் ஆட்டத்தில் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். நாளை நீங்களே கேப்டன் ஆனால், முதல் பத்து பந்தில் தடுமாறும் புதுப் பையனை உடனே உட்காரவைக்காதீர்கள். பதினோராவது பந்தையும் ஆட விடுங்கள்.