வெண்பலகையில் மரம் வரையாதீர்கள்

கெடாவில் ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை பால்மரம் இலை உதிர்க்கும். வடக்கே வறட்சி கடுமை என்பதால் இங்கே அது கண்ணுக்கு நன்றாகவே தெரியும். இலை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, செங்கல் நிறமாகி விழும். சில வாரம் மரம் மொட்டையாக நிற்கும். பிறகு வரும் தளிரும் பச்சை அல்ல, செம்பு நிறம். 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே முதலாம் ஆண்டுப் பிள்ளை வகுப்பில் வந்து உட்காரும் நாள்களும் மரம் நிறம் மாறும் நாள்களும் சேர்ந்தே வருகின்றன. பீடோங்கிலும் பாடாங் செராயிலும் அந்த மரங்களைத் தாண்டித்தான் பல பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். வகுப்புச் சுவரில் நாம் ஒட்டி வைக்கும் மரங்களோ அத்தனையும் பழுப்புத் தண்டும் பச்சைத் தலையுமாக இருக்கின்றன.

பிள்ளைகளுக்குக் கற்பனை போதவில்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆசிரியர் வெண்பலகையில் ஒரு மரத்தை வரைந்து காட்டுகிறார், பிள்ளைகள் அதைப் பார்த்து வரைகிறார்கள். நாள் பாடத்திட்டத்தில் விரவிவரும் கூறு என்ற இடத்தில் ‘ஆக்கமும் புத்தாக்கமும்’ என்று எழுதிய அதே கையால்தான் அந்த மரத்தையும் வரைகிறோம். கலைக்கல்விப் பாடத்தில் நாம் உடனே கைவிட வேண்டியது இந்த ஒரு பழக்கத்தைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

வர்ணங்களைப் பற்றிய நல்ல படநூல் இதற்கு உதவும். ஆனால் அதை எப்படிக் கையாள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1959இல் வெளிவந்த லியோ லியோனியின் ‘சின்ன நீலமும் சின்ன மஞ்சளும்’ நூலையே எடுத்துக்கொள்வோம். லியோனி ஃபார்ச்சூன் இதழில் பல ஆண்டுகள் கலை இயக்குநராக இருந்தவர். பேரப்பிள்ளைகளோடு ரயிலில் போனபோது, அவர்கள் சும்மா இருக்க மாட்டாமல் துள்ளியதால், கையிலிருந்த லைஃப் இதழின் தாளைக் கிழித்து நீலத்துண்டும் மஞ்சள்துண்டுமாக ஒரு கதை சொன்னார். அதுவே நூலானது. நீலமும் மஞ்சளும் நண்பர்கள். கட்டித் தழுவுகிறார்கள், பச்சையாகிவிடுகிறார்கள், சொந்த அப்பா அம்மாவுக்கே அவர்களை அடையாளம் தெரியவில்லை. நூல் முழுக்க ஒரு முகமோ கையோ காலோ கிடையாது. கிழித்த தாள் மட்டுமே. ‘எனக்குப் படம் வரைய வராது’ என்று ஒதுங்கும் ஆசிரியர் இந்த நூலைப் பார்த்த பிறகு அந்தக் காரணத்தைச் சொல்லவே முடியாது.

இதை வகுப்பில் வாசிக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் ‘இது என்ன நிறம்?’ என்று கேட்டால் கதை சோதனையாக மாறிவிடும். இரண்டும் தழுவிக்கொள்ளும் பக்கத்துக்கு முன்னால் நூலை மூடிவிடுங்கள். வர்ணப்பெட்டியிலிருந்து பச்சையை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டு மஞ்சளையும் நீலத்தையும் மட்டும் கொடுங்கள். மஞ்சளில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நீலம் மஞ்சளைச் சீக்கிரம் விழுங்கிவிடும் என்பதால் வரிசை முக்கியம். ஊதா கலந்த நீலமாக இருந்தால் பச்சை மங்கலாகத்தான் வரும். அதையும் கண்டுபிடிக்க விடுங்கள். ஒரே வகுப்பில் எத்தனை பச்சை பிறக்கிறது என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நூலைத் திறந்தால் அந்தப் பக்கம் அவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்த ஒன்றாக இருக்கும்.

இன்னொரு நூலையும் சொல்ல வேண்டும். மெனேனா கோட்டின் எழுதி ரோசானா ஃபரியா படம் அமைத்து 2006இல் வந்த ‘வர்ணங்களின் கறுப்பு நூல்’. பக்கங்கள் யாவும் கறுப்பு. படங்கள் விரலால் தடவி அறியும்படி மேடாக அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து பிரெய்லிலும் உண்டு. வர்ணங்களைச் சுவையாலும் மணத்தாலும் தொடு உணர்வாலும் சொல்லும் நூல் அது. இதைக் காட்டிவிட்டு நம் பிள்ளைகளிடம் வெள்ளை எப்படி இருக்கும் என்று கேட்டால், விரலில் ஒட்டி இழுபடும் ரப்பர் பாலைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மங்கில் உறைந்த கட்டிப்பாலின் மஞ்சளுக்கு ஒரு வாடை உண்டு. அதை எந்த இறக்குமதிப் படநூலும் நமக்குச் சொல்லித் தராது.

விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் எழுதிய குழந்தை ஓவிய ஆய்வு நூலில் இரண்டு செய்திகள் நமக்கு வேண்டியவை. ஒன்று, வர்ணம் தீட்டும் அச்சுப்படங்கள் பிள்ளையின் சொந்தப் பார்வையை முடக்குகின்றன என்று அவர் கடுமையாகவே எதிர்த்தார். மற்றது நம்மை நிதானிக்க வைப்பது. ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வயது வரை, ஒரு பொருளுக்கு ஒரு நிறம் என்று பிள்ளை தானாகவே முடிவுகட்டிக்கொள்ளும். வானம் நீலம், புல் பச்சை. அது வளர்ச்சியின் ஒரு படி. எனவே பச்சை மரம் வரைந்த பிள்ளையைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமை இல்லை. ‘சிவப்பாக வரை’ என்று கட்டளையிட்டால் அதுவும் இன்னொரு மாதிரிப் படமே. மரத்தடிக்கு அழைத்துப் போய் உதிர்ந்த இலைகளைப் பொறுக்க விடுவதும், மஞ்சள் முதல் பழுப்பு வரை தரையில் வரிசையாக அடுக்கச் சொல்வதும் போதும். பிறகு அவர்கள் எதை வரைந்தாலும் அது பார்த்து வரைந்ததாக இருக்கும்.

நிறத்தைப் பார்க்கும் கண் இந்தப் பிள்ளைகளின் குடும்பங்களுக்குப் புதிதும் இல்லை. புகையூட்டிய ரப்பர் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறம், கறை, குமிழி பார்த்துத் தரம் பிரித்த கைகள் நம் தாத்தா பாட்டிகளுடையவை. உலகச் சந்தையில் அந்தத் தரப்பிரிப்பு இன்றும் கண்பார்வையால்தான் நடக்கிறது. செம்பனைக் குலை கறுத்த ஊதாவிலிருந்து செம்மஞ்சளாகும் பக்குவத்தையும் கீழே உதிர்ந்த பழத்தையும் பார்த்துத்தான் குலை வெட்டுகிறார்கள். பிழை செய்தால் கூலியில் அடி விழும் வேலை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் வாழைப்பழ அச்சுப்படத்தைக் கொடுத்து ‘மஞ்சள் தீட்டுக’ என்கிறோம்.

ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள்: தாத்தாவிடமோ அத்தையிடமோ அவர்கள் வேலையில் பார்த்த நிறங்களைக் கேட்டு வரட்டும். ஆளுக்கு ஒரு பக்கம், பழைய நாளிதழைக் கிழித்து ஒட்டி, கீழே ஒரு வாக்கியம். தைத்தால் வகுப்புக்கு ஒரு நூல். நூற்றைம்பது பேருக்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளிகளுக்கு இது இன்னும் பொருந்தும். முப்பதுக்கும் கீழே இறங்கி வகுப்புகளை இணைத்து நடத்தும் இடத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளை கிழித்து ஒட்ட, இரண்டாம் ஆண்டுப் பிள்ளை வாக்கியம் எழுதலாம். மதிப்பீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆறாம் அடைவு நிலைக்குச் சான்று தேடுபவருக்கு அச்சுப்படப் பயிற்சித்தாளில் அது ஒருநாளும் கிடைக்காது, இந்த நூலில் கிடைக்கும். ‘ஏன் மரம் சிவப்பாக இருக்கிறது?’ என்று கேட்கும் பெற்றோர் இருப்பார்கள். ஓவியத்தின் ஓரத்தில் அந்த இலையையே ஒட்டி அனுப்புங்கள்.

கடைசியாக, நூல் பஞ்சத்தைப் பற்றி. சுங்கை பட்டாணிக்காரரான கே. பாலமுருகன் சிறுவர்க்கு மர்ம நாவல் எழுதி, மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த மண்ணிலிருந்தே வாசிப்பு தந்திருக்கிறார். படிநிலை ஒன்றுக்கு, நம் தோட்டத்தையும் டவுனையும் வர்ணத்தில் காட்டும் படநூல்கள் அதே அளவுக்கு வேண்டும். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் படநூல்கள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் கதைகளைத் திறந்த உரிமத்தில் அச்சிடவும் மாற்றி எழுதவும் முடியும். முதலில் அவற்றை வள மையத்துக்குக் கொண்டுவரலாம். கூடவே நம்முடையதையும் தொடங்க வேண்டும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு இடம் மாறிய பள்ளிகள் சந்தையையும் சேலைக்கடையையும் கோபுரத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். அலோர் ஸ்டார் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஆண்டில் இருமுறை நிறம் மாறும் நெல்வயல் இருக்கிறது. வகுப்பில் தைத்த நூல்களில் நல்லவற்றை எங்களுக்கு அனுப்புங்கள். பிள்ளைகளின் கோடுகளைத் திருத்தாமல், வர்ணப் பக்கங்களாகவே வெளியிடுவோம்.