ஸ்க்ரூ முறுக்கும் புண்ணியவான்களுக்கு...

போன சனிக்கிழமை முழுக்க கார் பக்கத்துல தரையில படுத்துக் கிடந்தேன். ஆபீஸ்ல அஞ்சு நாள் ஆணி புடுங்கறது பத்தாதுன்னு வீட்லயும் அதே வேலை. இது நிஜ ஆணி மக்கா, ஸ்க்ரூ!

நம்ம வண்டி 1995 மாஸ்டா மியாட்டா. என்னை விட ரெண்டு வயசு பெரியவர். ரெண்டே சீட்டு, கண்ணு முழிக்கற மாதிரி எழும்பற ஹெட்லைட். குளிர்காலத்துல ரோட்டுல உப்பைக் கொட்டற ஓஹையோவுல இதை வச்சிருக்கறதே கிறுக்குத்தனம்னு தங்கமணி சொல்றாங்க. அது தனிக்கதை.

கதவுக்குக் கீழ ஓடற பிளாஸ்டிக் ஸ்கர்ட் ஒரு பக்கம் தொங்க ஆரம்பிச்சதும், ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பட்டறையில விட்டேன். பழைய பிளாஸ்டிக், கழட்டினா உடைஞ்சிடும்னு சொல்லி, மேலாப்புல நாலு ஸ்க்ரூவை தகரத்தோட சேர்த்து முறுக்கிட்டாங்க. நானும் நன்றி சொல்லி காசைக் கொடுத்துட்டு வந்தேன். படிச்சது எஞ்சினியரிங் வேற!

இப்ப கழட்டிப் பார்த்தா நாலு ஓட்டையைச் சுத்தியும் துரு. பின் சக்கரத்துக்கு முன்னாடி இருக்கற மூலை, விரல் வச்சா பொலபொலன்னு உதிருது.

இந்த வண்டியில துணிக்கூரை மேல விழற மழைத்தண்ணி, கதவுக்குப் பின்னாடி குழாய் வழியா இறங்கி அந்த மூலை பக்கமாத்தான் வெளியேறும். குழாய்ல இலை அடைச்சா தண்ணி உள்ளயே தேங்கும். இது மியாட்டாவோட பழைய வியாதி. அதுக்கு மேல ஸ்க்ரூ போட்டா, பெயிண்டைக் கிழிச்சு உப்புத்தண்ணிக்குத் தனி வாசல் வச்ச மாதிரி. ஸ்கர்ட் அதையெல்லாம் அழகா மறைச்சிடும்.

"பழசைத் தொடாதே"ங்கறது அக்கறை இல்லைங்க, சோம்பேறித்தனம். வெயில்ல காய்ஞ்ச பிளாஸ்டிக் குளிர்ல நொறுங்கும், வாஸ்தவம். சூடு காட்டினா வளையுமே! ஹேர் டிரையரை ஓரமா காட்டி, டேப் ஒட்டின இடத்துல தூண்டில் நரம்பை விட்டு ரம்பம் மாதிரி இழுத்தா வந்துடும். கிளிப் இருக்கற இடத்துல பிளாஸ்டிக் ஆப்பு. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பெயிண்ட் போயிடும். கிளிப் உடைஞ்சா உடையட்டும், பேனல் தப்பிக்கத்தானே அந்த சின்ன கிளிப்பு!

திரும்பப் போடறப்பவும் அவசரம் கூடாது. துருவைச் சுரண்டி பிரைமர் அடிச்சு, பழைய பசையை எடுத்து, ஆல்கஹாலால துடைச்சு, மாஸ்கிங் டேப்ல கோடு போட்டு ஒட்டணும். நல்ல ரெண்டு பக்க டேப் முழுசாப் பிடிக்க 72 மணி நேரம் ஆகும். குளிர்ல ஒட்டினா பிடிக்காது. அதுவரைக்கும் வண்டியைக் கழுவாதீங்க.

பட்டறைக்காரங்க நேரத்துக்கும் விலை உண்டு, ஒத்துக்கறேன். அப்படின்னா "ரெண்டு மணி நேரம் ஆகும், இவ்வளவு செலவு"ன்னு சொல்லுங்க. பண்றதா வேணாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன். முடியாதுன்னு பொய் சொல்லி ஓட்டை போட்டு அனுப்பறதுக்குப் பேரு வேலை இல்லை.

பழைய காருக்கு எதுக்கு இவ்ளோ அலப்பறைன்னு கேட்கறவங்களுக்கு: இந்த முதல் தலைமுறை மியாட்டாவைப் புதுப்பிச்சுத் தர, மாஸ்டாவே 2017-ல ஜப்பான்ல தனித் திட்டம் அறிவிச்சுது. தயாரிச்சவனுக்கே மதிப்பு தெரியுது, பட்டறைக்குத் தெரியலை.

இப்ப அந்த மூலையை வெட்டிட்டு புதுத் தகரம் வச்சு வெல்டு பண்ணணும். கைப்பிடி கிளிப்போட விலை எங்க, இது எங்க! உங்க வண்டியிலயும் பிளாஸ்டிக் மேல ஸ்க்ரூ தலை தெரிஞ்சா, இந்த வாரமே கழட்டிப் பாருங்க மக்கா.

டிஸ்கி: ஹேர் டிரையர் தங்கமணியோடது. இன்னும் அவங்களுக்குத் தெரியாது :-)