பூதமா? கார்ன்ஃப்ளார் மாவுதான்!

போன வாரம் ராத்திரி எங்கள் பேரன் அலறிக்கொண்டு எழுந்தான். புதுக்கோட்டையில் அன்று ஒரே புழுக்கம். பிள்ளையோ, "அப்பத்தா, பனிக்குள்ளேர்ந்து அது வருது!" என்று நடுங்குகிறான். விசாரித்தால், படுக்குமுன் அக்காவோடு செல்போனில் ஒலி நாடகம் கேட்டிருக்கிறான். பனிப்புயலில் சிக்கிய முன்பின் தெரியாத நாலு பேர், வெளியே ஒரு பூதம். "நம்ம ஊர் மார்கழிப் பனியிலயும் வருமா?" என்று கேள்வி வேறு!

திருச்சி வானொலி 1939-ல் தொடங்கியது. அதில் நாடகம் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்! 1938-ல் அமெரிக்க வானொலியில் செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்த நாடகத்தை நிஜமென்று நம்பிப் பயந்த பெரியவர்களே உண்டு. ஆறு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? கண்ணால் பார்க்காத பூதத்தை மனசு இஷ்டத்துக்குப் பெரிதாக்கிவிடும்.

மறுநாள் கார்ன்ஃப்ளார் மாவைத் துணிப்பையில் கட்டி அவன் காதருகே அமுக்கினேன். நறுக், நறுக்! பனியில் நடக்கும் சத்தத்துக்கு நாடகக்காரர்கள் செய்யும் வித்தை இது. இரண்டு கொட்டாங்கச்சியைத் தட்டினால் குதிரை! சிரித்துவிட்டான். அப்புறம் அவனே பூதமாகி என்னைத் துரத்தினான்.

சகோதரிகளே, பயக் கதைகளைப் பகலில் கூட உட்கார்ந்து கேளுங்கள்; படுக்கும் நேரத்தில் வேண்டாம். 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்யாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். முக்கியமாக, சோறு ஊட்ட நாமே பூச்சாண்டியைக் கூப்பிடாமல் இருப்போமே!