வீட்டு மொழிக்குத் தடை போட யாருக்கும் உரிமை இல்லை
சௌராஷ்டிர மொழிப் பயன்பாடு குறித்துச் செயற்குழுவின் நிலைப்பாடு



நமது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் "இனி தமிழ் அல்லது ஆங்கிலத்தில் மட்டும் பதிவிடவும்" என்று வந்த அறிவிப்பும், அதன்பின் பெரியவர்களின் சௌராஷ்டிரப் பதிவுகள் நீக்கப்பட்டதும் அனைவரும் அறிந்தவை. அவற்றை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. செயற்குழு விவாதித்து எடுத்த முடிவுகள் இவை.

1. அந்த அறிவிப்பு செயற்குழுவின் ஒப்புதல் பெற்றதல்ல. அது திரும்பப் பெறப்படுகிறது. இளைய தலைமுறைக்கும் புரிய வேண்டும் என்ற நோக்கில் செய்ததாக அட்மின்கள் அளித்த விளக்கத்தைப் பதிவு செய்துகொள்கிறோம். ஆனால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, பேத்தி பிறந்த சேதியைத் தன் மொழியில் பேசி அனுப்பினார். அதை அழித்ததால் எந்த இளைஞருக்கு என்ன புரிந்துவிட்டது?

2. "மூன்று மொழி கேட்டால் பிள்ளை குழம்பிப்போகும்" என்ற வாதத்தைச் செயற்குழு முற்றிலும் நிராகரிக்கிறது. வீட்டில் சௌராஷ்டிரம் பேச வேண்டாம் என்று சில பள்ளிகளில் பெற்றோருக்கு அறிவுரை சொல்கிறார்கள். நம்மவர்களும் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். பாட்டியிடம் சௌராஷ்டிரம், தெருப் பிள்ளைகளிடம் தமிழ், டீச்சரிடம் ஆங்கிலம் என்று நான்கு வயதுக் குழந்தை ஆளைப் பார்த்து மொழி மாற்றுவதை மதுரையிலும் பரமக்குடியிலும் கண்ணெதிரே காண்கிறோம். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழிச் சொற்கள் கலப்பது பல மொழி கேட்டு வளரும் குழந்தைகளின் இயல்பு. அது கோளாறு அல்ல. பேச்சு தாமதமானால் காதைப் பரிசோதியுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பாட்டியின் வாயை அடைக்காதீர்கள்!

தமிழ் கெட்டுவிடும் என்போருக்கு ஒரு கேள்வி. பாடகர் டி.எம்.சௌந்தரராஜனின் தமிழ் உச்சரிப்பில் குறை கண்டவர் உண்டா? 'காதுகள்' நாவலுக்கு 1993இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற எம்.வி.வெங்கட்ராமின் தமிழ் எதில் குறைந்தது? இருவருக்கும் தாய்மொழி சௌராஷ்டிரம். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு. சட்டம் வகுப்பறைக்குள்ளேயே இடம் தரச் சொல்லும் மொழியை வீட்டுக்குள்ளும் பேசாதே என்று சொல்ல இவர்கள் யார்?

3. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் நம் மொழி இல்லை. முகநூலின் மொழிப் பட்டியலிலும் இல்லை. பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாதது வருத்தம்தான். நம் குழுவிலேயே நமக்கு இடம் இல்லை என்பது அவமானம்.

4. எந்த எழுத்தில் எழுதுவது என்பதில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. சௌராஷ்டிர எழுத்து 2008இல் யூனிகோடில் சேர்ந்துவிட்டது. ஆனால் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தமிழ் எழுத்தின் மேல் 2, 3, 4 என்று சிறிய எண்ணிட்டு எழுதுவது பலருக்குப் பழகிய வழி. தேவநாகரியை விரும்புவோரும் உண்டு. தற்போதைக்கு அவரவர் விருப்பப்படி எழுதலாம். இதை வைத்துக் குழுவில் சண்டை வேண்டாம்.

5. இந்த நிலைப்பாடு தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ எதிரானதல்ல. சங்கத்தின் பொது அறிவிப்புகள் இயன்றவரை சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் வெளியாகும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மொழியைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் 2,47,702 பேர். படிவத்தில் எழுதிக் கொடுத்தால் மட்டும் மொழி பிழைக்காது. பிள்ளையிடம் பேச வேண்டும்.

பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள்: சாப்பாட்டு நேரத்திலாவது சௌராஷ்டிரத்தில் பேசுங்கள். பிள்ளை தமிழில் பதில் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். பதிவுகள் நீக்கப்பட்ட பெரியவர்கள் அவற்றை மீண்டும் அனுப்புங்கள். இனி ஒன்றும் அழிக்கப்படாது.

செயற்குழு