அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்கிறவர்களுக்கு



2023 சாமை அறுவடையில் எடைக்கு நியாயம் கேட்ட நம் சங்கத்து ஆட்கள் ஆறு பேர் இன்னும் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். மூட்டைக்கு இரண்டு கிலோ குறையுது, தராசை மாத்து என்று வியாபாரியிடம் கேட்டோம். "சரியா எடை போடலைன்னா இந்த மலையில நீ சாமை வாங்க முடியாது" என்று நம்மில் ஒருவர் சொன்னார். சொன்னது அவ்வளவுதான். புகாரில் அது "வெட்டிக் கொன்றுவிடுவேன்" என்று ஆகிவிட்டது. அசிங்கமாகத் திட்டியதாக 294(பி), கொலை மிரட்டல் என்று 506(2). இந்த இரண்டு நம்பரும் ஏர் மாடு மாதிரி ஜோடியாகத்தான் வரும். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சம்பவம் என்றால் புதிய சட்டத்தில் மிரட்டலுக்கு 351-வது பிரிவு. நம்பர்தான் மாறியிருக்கிறது.

முதல் பஸ்ஸைப் பிடித்து மலை இறங்கணும். கோர்ட் வாசலில் டவாலி கூப்பிடும் வரை நிற்கணும். சாட்சி வரலை என்று அடுத்த வாய்தா. ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. ஒரு தடவை போகாவிட்டால் பிடிவாரண்ட்.

இதில் சலித்துப்போய், "தப்புதான்னு ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிடலாம் செயலாளரே" என்று இருவர் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டு நிலைமை நமக்குத் தெரியும், கோபமில்லை. ஆனால் ஒத்துக்கொண்டால் குற்றவாளி என்றே பதிவாகும். நாளைக்கு ரேஷன் கடை முன்னால் நின்றாலும் "பழைய கேஸ் ஆளு" என்பார்கள். எடை குறைந்தது பொய் என்றும் ஆகிவிடும்.

கேஸில் பலம் இருக்கிறதா? இருக்கிறது. பெங்களூரில் டிராபிக் போலீஸ் நடத்தையைக் குறைகூறி எழுதியதற்கு இதே 506 போட்டார்கள். 2015 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. பயமுறுத்தும் நோக்கம் இல்லாத வெறும் வார்த்தை இந்தக் குற்றத்தில் சேராது என்று சொன்னது. நம் ஆள் சொன்னது சாமை விற்கமாட்டோம் என்பதுதானே!

வக்கீல் பீஸுக்கு ஆட்டை விற்க வேண்டாம். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கோர்ட்டிலேயே இருக்கும் வட்ட சட்டப்பணிகள் குழுவில் சாதிச் சான்றோடு மனு கொடுங்கள், அல்லது 15100-க்கு போன் போடுங்கள். உடம்பு முடியாத நாளில் வக்கீல் மூலம் அன்றைக்கு மட்டும் விலக்கு கேட்கலாம். சொல்லாமல் நிற்பதுதான் ஆபத்து.

நம்மைப் போன்ற மலையாளி சனம்தான் வாச்சாத்தியிலும். 1992-ல் நடந்த கொடுமைக்கு 2011-ல் தீர்ப்பு, 2023-ல் ஹைகோர்ட் உறுதி செய்தது. 31 வருடம் சாட்சி சொல்லச் சலிக்கவில்லை. இன்னொன்றும் சொல்லணும். நம்ம புலியூர் ஸ்ரீபதி 2024-ல் சிவில் நீதிபதியாகத் தேர்வானது. கூண்டில் நிற்கும்போது தலை குனியத் தேவையில்லை.

எல்லா ஊர்க் கிளைக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வாய்தாவுக்கு ஊருக்கு இரண்டு பேர் கூட வாருங்கள். கோஷம் வேண்டாம், கோர்ட் வளாகத்தில் அமைதியாக உட்கார்ந்தால் போதும். பஸ் செலவைச் சங்கம் ஏற்கும். 2023-ல் அந்த வியாபாரியிடம் சாமை போட்டவர்கள் எடைச் சீட்டு வைத்திருந்தால், கிழிந்த துண்டுக் காகிதமானாலும் தூக்கிப் போடாமல் கொண்டுவந்து கொடுங்கள். வக்கீல் கேட்டிருக்கிறார்.